கூட்ஸ் வேகன் கிட்: வாங்குமுன்னும் பெட்டியைப் பிரித்த பிறகும் தரம் பார்ப்பது எப்படி

மாடல் கூட்ஸ் வேகன் கிட்டின் (பாகங்களாக வரும், நாமே கூட்டிக் கட்டும் பெட்டியின்) தரத்தை வேகனைக் கவிழ்த்துப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பக்கச்சுவரில் ரிவெட் எவ்வளவு கூர்மை, எழுத்து எவ்வளவு தெளிவு என்பதெல்லாம் பிறகு. அடிச்சட்டம் நேராக இருக்கிறதா, போகி (வேகனின் அடியில் இரண்டு சக்கர அச்சுகளைத் தாங்கும் சட்டம்) உட்காரும் இடம் மட்டமாக இருக்கிறதா, சக்கரம் ஆடாமல் ஓடுகிறதா, கப்ளர் (வேகன்களை இணைக்கும் கொக்கி) சரியான உயரத்தில் நிற்கிறதா என்ற நான்கும் தேறிவிட்டால் மீதிக் குறைகளைக் கையால் சரிசெய்துவிடலாம். கைப்பிடிக் கம்பி தடிமனாக வார்க்கப்பட்டிருந்தால் சீவி எடுத்துவிட்டுப் பித்தளைக் கம்பி வைக்கலாம். முறுக்கோடு ஒட்டிவிட்ட அடிச்சட்டத்துக்கு அப்படி மாற்று இல்லை. அந்த வேகன் பாயின்ட், அதாவது தண்டவாளம் பிரியும் இடம், வரும்போதெல்லாம் தடம் இறங்கும்.

சேலம், ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கிட் பெரும்பாலும் பார்சலில்தான் வரும். கையில் எடுத்துப் பார்த்து வாங்க முடியாது, திருப்பி அனுப்பினால் கூரியர் செலவே கிட் விலையைத் தொட்டுவிடும். அதனால் ஆர்டர் போடுமுன் என்ன கேட்க வேண்டும், பெட்டி வந்ததும் பசை தொடுமுன் என்ன அளக்க வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் அளவு

எச்.ஓ. என்பது 1:87.1, அதாவது நிஜத்தில் ஒரு அடி மாடலில் 3.5 மி.மீ. ஓ.ஓ. என்பது 1:76.2, அடிக்கு 4 மி.மீ. இரண்டும் ஒரே 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடும். அதனால் கடைக்காரர்கள் சேர்த்தே விற்பார்கள், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் வித்தியாசம் கண்ணை உறுத்தும். என்-ஸ்கேல் 1:160, தண்டவாளம் 9 மி.மீ. அதில் கிட் குறைவு, கட்டி முடித்ததே அதிகம் கிடைக்கும். எனவே இங்கே எச்.ஓ. பற்றித்தான் பேச்சு.

நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை எச்.ஓ.வுக்குச் சுருக்கினால் 19.2 மி.மீ. வர வேண்டும், கிடைப்பதோ 16.5. முன்னாலிருந்து பார்த்தால் சக்கரங்கள் 2.7 மி.மீ. உள்ளே ஒடுங்கித் தெரியும். இதை ஏற்றுக்கொண்டுதான் இந்திய வேகன் கட்ட வேண்டும்.

மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி கொண்டுபோகும் ரேக் (ஒரே ரயிலாக ஓடும் வேகன் வரிசை) மாதிரி ஒன்றைக் கட்ட நினைப்பவர்கள் பாக்ஸ்என் என்ற மேல்மூடி இல்லாத வேகனின் அளவுகளை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். கப்ளர் முகத்திலிருந்து முகம் வரை நிஜத்தில் 10,713 மி.மீ., எச்.ஓ.வில் 123 மி.மீ. இரண்டு போகியின் மையங்களுக்கு இடையே 6,524 மி.மீ., மாடலில் 75. அகலம் 3,200 மி.மீ., மாடலில் 36.7. போகிக்குள் அச்சுக்கு அச்சு 2,000 மி.மீ., மாடலில் 23. புதுச் சக்கரத்தின் விட்டம் 1,000 மி.மீ., அதாவது 11.5. தேய்ந்து தேய்ந்து 906 மி.மீ. வந்ததும் கழித்துவிடுவார்கள், அது 10.4.

விற்பவர் “எச்.ஓ. பாக்ஸ்என்” என்று போட்டிருந்தால் இந்த அளவுகளைக் கேளுங்கள். நீளம் 123-க்குப் பதில் 135, 140 என்று சொன்னால் வேறு ஸ்கேல், அல்லது கையில் கிடைத்த அமெரிக்க அடிச்சட்டத்தின் மேல் உடம்பை ஏற்றியிருக்கிறார். போகி விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டிவரும். அமெரிக்க 100 டன் போகியில் அச்சு இடைவெளி 5 அடி 10 அங்குலம், மாடலில் 20.4 மி.மீ. நம் போகியைவிட இரண்டரை மி.மீ. குட்டை. அதன் 36 அங்குலச் சக்கரம் 10.5 மி.மீ., நம் தேய்ந்த சக்கரத்துக்குச் சமம், கண்ணுக்குப் பொருந்தும். 33 அங்குலச் சக்கரம் 9.6 மி.மீ.தான். அதை பாக்ஸ்என்னுக்குப் போட்டால் வேகன் தரையில் உட்கார்ந்த மாதிரி தெரியும்.

கிட்டில் எத்தனை ஜாதி

அமெரிக்காவின் அக்யூரெயில் கிட் தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. உடம்பு ஒரே வார்ப்பு, பெயின்ட்டும் எழுத்தும் ஏற்றி வரும். ஏணியும் கைப்பிடியும் சுவரோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். அடிச்சட்டம், எடைத் தகடு, போகி, கப்ளர் எல்லாம் பெட்டிக்குள் இருக்கும். ஒரு மாலையில் முடிந்துவிடும். உடம்பு ஒரே துண்டாக இருப்பதால் மூலை கோணும் பேச்சே இல்லை. அதுதான் இதன் பெரிய பலம். குறை என்றால் கைப்பிடிகள் சுவரோடு ஒட்டிக் கிடப்பது. இரண்டு அடி தள்ளி நின்றால் தெரியாது, கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் தெரியும்.

ஆத்தர்ன் நீலப்பெட்டிக் கிட்டுகள் இப்போது தயாரிப்பில் இல்லை, பழசாகத்தான் கைமாறுகின்றன. உடம்பு கெட்டி, எடைக்கு இரும்புத் தகடு உண்டு, உடம்பை அழுத்தினாலே அடிச்சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். கப்ளர் பெட்டியின் மூடிதான் பலவீனம். அது தகரக் கிளிப், இழுவையில் தெறித்துவிடும். வாங்கினால் மூடியில் துளையிட்டுத் திருகு போடுவதை முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிச்சி கிட் அடுத்த படி. பாகங்கள் நிறைய, எல்லாம் ஸ்டைரீன் பிளாஸ்டிக், வார்ப்பு மிக நுணுக்கம். பிரேக் குழாய், நெம்புகோல், கைப்பிடி எல்லாம் தனித்தனித் துண்டு. பெரும்பாலும் பெயின்ட் இல்லாமல் வரும். பொறுமைக்குப் பலன் உண்டு, ஆனால் நான்கு சுவரையும் தரையையும் சதுரமாக நிறுத்துவது உங்கள் பொறுப்பு. இதன் ஃபிளாட் வேகன் பார்க்க அழகு, எடை மட்டும் போதாது. அதற்கு ஒளிக்க இடமும் குறைவு.

ரெசின் (திரவமாக ஊற்றி இறுகவைக்கும் பிளாஸ்டிக்) கிட்டில் வெஸ்டர்ஃபீல்ட், ஃபுனாரோ அண்ட் கமர்லெங்கோ பெயர் பெற்றவை. வேறு யாரும் செய்யாத பழைய வேகன்களைச் செய்வார்கள். வார்ப்பு கையால் ஊற்றுவது. போகி, சக்கரம், கப்ளர் பொதுவாக வேறாக வாங்க வேண்டும். உடம்பு ஒரே துண்டாக வருகிறதா, தனித்தனிச் சுவராக வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் ரெசின் கிட் என்றால் ஒரே துண்டு உடம்பை எடுங்கள்.

ஓ.ஓ.வில் பிரிட்டிஷ் நாலு சக்கர வேகன் கட்ட ஆசைப்பட்டால் பார்க்சைடு நல்ல தொடக்கம். உலோகச் சக்கரமும் பித்தளை பேரிங்கும் பெட்டியிலேயே வரும். டேப்போல் விற்பதில் பழைய ஏர்ஃபிக்ஸ் அச்சில் வார்த்த கிட்டுகள் உண்டு. விலை குறைவு, ஓட்டுவதற்குச் சக்கரத்தை மாற்ற வேண்டும்.

மரக் கிட்டைத் தெரிந்தவர்கள் மட்டும் தொடட்டும்.

இந்திய வேகன் என்றால் இன்று பெரும்பாலும் 3டி பிரின்ட்தான். இதில் தரம் விற்பவருக்கு விற்பவர் மட்டுமில்லை, ஒரே விற்பவரிடம் துண்டுக்குத் துண்டு மாறும். அதனால் பத்து வேகன் ரேக் வேண்டுமென்றாலும் முதலில் ஒன்றை மட்டும் வாங்கிச் சோதியுங்கள்.

ஆர்டர் போடுமுன் கேட்க வேண்டியவை

மேல்பக்கப் படம் எல்லோரும் போடுவார்கள். நீங்கள் மூன்று படம் கேளுங்கள். வேகனைக் கவிழ்த்து நேர் மேலிருந்து ஒன்று. ஒரு முனையிலிருந்து நீளவாக்கில் கண்மட்டத்தில் ஒன்று. சுவரின் மேல் விளிம்போடு ஒரு ஸ்டீல் ஸ்கேலைச் சேர்த்துவைத்து ஒன்று. இரண்டாவது படத்தில் முறுக்கு தெரிந்துவிடும், மூன்றாவதில் சுவரின் வளைவு தெரிந்துவிடும். மேல்மூடி இல்லாத பாக்ஸ்என் மாதிரி வேகனில் நடுச்சுவர் உள்ளே குழிவது பிரின்ட்டில் சகஜம். அரை மி.மீ. வரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் வேண்டாம்.

பிரின்ட் என்றால் எந்தப் பொருள், ஒரு அடுக்கு எவ்வளவு தடிமன் என்றும் கேளுங்கள். இழை உருக்கி அச்சிடும் மெஷினில் மூக்கு 0.4 மி.மீ., அதைவிட மெல்லிய விவரம் வராது. சுவரில் கோடு கோடாக அடுக்கு தெரியும், உப்புத்தாள் தேய்த்தால் ரிவெட்டும் சேர்ந்து போகும். திரவ ரெசின் மெஷினில் அடுக்கு 0.05 மி.மீ. அளவுக்கு வரும், விவரம் நன்றாக நிற்கும். போகித் திருகுக்குத் துளை இருக்கிறதா, எந்த அச்சு நீளத்துக்கு போகி செய்யப்பட்டது, எந்தக் கப்ளர் பெட்டி பொருந்தும் என்ற மூன்று கேள்விக்கும் விற்பவர் உடனே பதில் சொன்னால் அவர் ஓட்டிப் பார்த்தவர். “ஷோகேஸுக்குத்தான் சார்” என்று சொன்னால் அதையும் நம்புங்கள். அந்த வேகன் ஓடாது.

பெட்டி வந்ததும்

சமதளத்துக்கு 6 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்று, சின்ன மூலைமட்டம், வெர்னியர், பத்து கிராமுக்குக் கீழேயும் சரியாகக் காட்டும் தராசு, ஒரு மீட்டர் நேர்த் தண்டவாளம் வேண்டும். ஊசி அரம், பின் வைஸ், அரை மி.மீ.க்குக் குறைந்த டிரில் பிட், கூர்மையான சாமணம் எல்லாம் மாடல் கடையில் தேட வேண்டியதில்லை. கொலுசுப் பட்டறைக்காரர்கள் நாள் முழுக்கப் புழங்கும் சாமான்தான் இவை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் நல்லதாகவே கிடைக்கும்.

பாகங்களை அவை ஒட்டிவரும் வார்ப்புச் சட்டத்திலிருந்து வெட்டுமுன் விளக்கத் தாளோடு சரிபார்த்து எண்ணுங்கள். பிறகு அடிச்சட்டத்தைக் கண்ணாடி மேல் வைத்து நான்கு மூலையையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். ஒரு மூலையை அழுத்தும்போது எதிர்மூலை எழும்பினால் முறுக்கு இருக்கிறது. எழும்பும் இடைவெளியில் ஏ4 தாள் ஒன்றை நுழையுங்கள். சாதாரணத் தாள் 0.1 மி.மீ. அளவு. இரண்டு தாள் வரை பரவாயில்லை, உடம்பை ஒட்டும்போது இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் ஒட்டுமுன்பே சரிசெய்ய வேண்டும்.

ரெசினாக இருந்தால் வழி எளிது. சுமார் 70 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, கண்ணாடி மேல் நேராக அழுத்தி, மேலே இன்னொரு கண்ணாடியும் எடையும் வைத்து முழுவதும் ஆறவிடுங்கள். பாதி சூட்டில் எடுத்தால் பழைய வளைவுக்கே திரும்பும். ஸ்டைரீனுக்கு இந்த வைத்தியம் அவ்வளவாகப் பிடிக்காது. அதை நேரான பட்டையோடு சேர்த்து ஒட்டித்தான் நிமிர்த்த வேண்டும்.

அடுத்து போகி உட்காரும் மேடை. இரண்டு மேடையும் ஒரே உயரமா என்று வெர்னியரின் பின்கம்பியால் அளங்கள். கால் மி.மீ. வித்தியாசம்கூடக் கப்ளர் உயரத்தில் அப்படியே வந்து நிற்கும். மேடை நடுவில் வார்ப்புப் பிசிறோ, பாகத்தை வார்ப்பு அச்சிலிருந்து தள்ளிய ஊசியின் தடமோ இருந்தால் அரத்தால் இரண்டு தேய்ப்பு போதும். திருகு விஷயம்: அமெரிக்கக் கிட்டில் போகிக்கு வருவது 2-56 திருகு, விட்டம் 2.18 மி.மீ. இங்கே கிடைப்பது 2 மி.மீ. விட்டமுள்ள எம்2. தொலைந்த திருகுக்குப் பதில் எம்2 போட்டால் அதே துளையில் பிடிக்காது. துளையை ஸ்டைரீன் தண்டால் அடைத்து, காய்ந்ததும் 1.6 மி.மீ. பிட்டால் மறுபடி துளையிட்டால் எம்2 கச்சிதமாக ஏறும்.

சக்கரத்துக்கு மூன்று சோதனை. முதலாவது, சக்கரங்களின் உள்பக்கத்துக்கு உள்பக்கம் 14.5 மி.மீ. அளவு இருக்க வேண்டும். 14.2 வந்தால் ஃபிளாஞ்ச் (சக்கரத்தின் உயர்ந்த உள்விளிம்பு) தண்டவாளத்தோடு உரசாது, ஆனால் பாயின்ட்டின் காவல் தண்டவாளத்தில் முட்டி ஏறும். இரண்டாவது, அச்சைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து உருட்டுங்கள். சக்கரம் தட்டு மாதிரி ஆடினால் அச்சில் கோணலாக ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் சக்கரமாக இருந்தால் ஓடும் முகத்தில் வார்ப்பு மொட்டு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். மூன்றாவது, உலோகச் சக்கரமானால் மல்டிமீட்டரில் இரு சக்கரத்துக்கும் இடையே தொடர்பு காட்டக் கூடாது. காட்டினால் தண்டவாளத்தில் வைத்த உடனே ஷார்ட். சக்கர அகலமும் இரண்டு வகை. 2.79 மி.மீ. வழக்கமானது. 2.24 மி.மீ. பார்க்க நிஜம் போல இருக்கும், ஆனால் பாயின்ட்டில் இடைவெளி அதிகமாக விட்டிருந்தால் அந்தக் குழியில் தொப்பென்று இறங்கும். பழைய பாயின்ட்டுகள் வைத்திருப்பவர்கள் அகலமானதையே போடட்டும். பிளாஸ்டிக் சக்கரத்தை எப்படியும் உலோகத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. பிளாஸ்டிக்கில் அழுக்கு ஒட்டி, அது தண்டவாளம் முழுக்கப் பரவும்.

அச்சு போகிக்குள் சுலபமாகச் சுழல வேண்டும், பக்கவாட்டில் கால் மி.மீ. ஆட்டம் வேண்டும். ஆட்டமே இல்லாவிட்டால் அச்சு நீளம், அளவான வேறு அச்சு போடுங்கள். எச்.ஓ. ஊசிமுனை அச்சுகள் சுமார் 25 முதல் 26 மி.மீ. வரை பல நீளத்தில் இருப்பது இதற்காகத்தான். அச்சு முனை உட்காரும் குழி கரடாக இருந்தால் 60 டிகிரி கூம்புக் கத்தி உள்ள போகிச் சீரமைப்புக் கருவியை உள்ளே வைத்து இரண்டு சுற்று சுற்றினால் போதும். எண்ணெய் விடாதீர்கள். தூசியை இழுத்துக் களியாக்கிவிடும்.

இனி உருட்டிப் பார்ப்பது. ஒரு மீட்டர் தண்டவாளத்தின் ஒரு முனையை 2 செ.மீ. உயர்த்துங்கள். போகியை மேல்முனையில் வைத்துத் தள்ளாமல் விட்டால் தானாகக் கீழ்முனை வரை வர வேண்டும். வந்தால் 1 செ.மீ.க்குக் குறைத்துப் பாருங்கள். அதிலும் வந்தால் அருமையான போகி, பத்து வேகன் ரேக்குக்குக் கவலையே இல்லை. 2 செ.மீ.யிலும் நகராத போகி எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். இரண்டு கிட்டை ஒப்பிடும்போது பெரிய வித்தியாசத்தைக் காட்டும் ஒரே சோதனை இதுதான்.

கப்ளர் உயரம் எச்.ஓ.வில் தண்டவாளத்தின் தலையிலிருந்து கப்ளரின் நடு வரை 9.9 மி.மீ. கேடீ நிறுவனத்தின் 205 எண் அளவுகோல் இருந்தால் வேலை சுலபம். தாழ்வாக இருந்தால் போகிக்கும் மேடைக்கும் நடுவே மெல்லிய வாஷர் போடுங்கள், 0.25 அல்லது 0.4 மி.மீ. பிளாஸ்டிக் தாளில் வெட்டினாலே போதும். உயரமாக இருந்தால் மேடையைத் தேய்க்க வேண்டும், அதைச் சமமாகத் தேய்ப்பது சிரமம். ஆகவே உயரமான கப்ளர் பெரிய குறை, தாழ்ந்த கப்ளர் சின்னக் குறை என்று மதிப்பெண் போடுங்கள். கிட்டோடு வரும் பிளாஸ்டிக் கப்ளர் சின்ன ரயிலுக்குப் போதும். நீண்ட ரேக்குக்குக் கேடீயின் உலோகக் கப்ளர், 5 அல்லது 148 எண், மாற்றிவிடுங்கள். கப்ளர் பெட்டிக்குள் 6பி பென்சில் தூள் ஒரு சிட்டிகை போட்டால் வழவழவென்று ஆடும்.

கடைசியாகத்தான் விவரங்கள். துண்டுகளைப் பசையில்லாமல் கூட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மூலையில் நூல் இழை அளவு வெளிச்சம் வந்தால் அரத்தால் போகும். நகம் நுழைகிற அளவு வந்தால் வார்ப்பு சுருங்கியிருக்கிறது. கம்பிக் கைப்பிடியின் தடிமன் 0.3 மி.மீ. இருந்தால் நல்லது. பிளாஸ்டிக்கில் 0.5 வந்தால் கண்ணுக்குத் தடிப்பாகத் தெரியும். எழுத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். சின்ன எழுத்து படிக்கும்படி இருக்கிறதா, ரிவெட் மேல் ஏறும் இடத்தில் விட்டுப்போயிருக்கிறதா என்பதே போதும்.

எடை

அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. சொல்லும் கணக்கு எச்.ஓ.வுக்கு ஒரு அவுன்ஸ், அதோடு அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். நம் அளவில் 28 கிராம், அதோடு செ.மீ.க்கு 5.6 கிராம். 40 அடி மூடு வேகன் 14 செ.மீ., எனவே 106 கிராம். பாக்ஸ்என் 12.3 செ.மீ., 97 கிராம். எல்லா வேகனும் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் 60 கிராமாக இருந்தால் வளைவில் அதுதான் உள்பக்கம் சாயும்.

குறைகிற எடைக்கு வழி: 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிமன் உள்ள இரும்புப் பட்டையில் ஒரு செ.மீ. நீளம் ஏறத்தாழ 6 கிராம். 60 கிராம் குறைந்தால் 10 செ.மீ. வெட்டி, நீளவாக்கில் நடுவில், தரையோடு ஒட்டுங்கள். மூடு வேகனுக்குள் அகலம் போதும். கிரில் பட்டறையில் கழிவுத் துண்டாகவே கிடைக்கும். தண்டவாளத்துக்கு அடியில் காந்தம் வைத்துக் கப்ளரைக் கழற்றுபவர்கள் சாதாரண இரும்புப் பட்டை வைக்காதீர்கள். காந்தத்தின் மேல் போகும்போது வேகன் தானே இழுபட்டு நகரும். சேலம் ஸ்டீல் பிளான்ட் உள்ள ஊரில் ஸ்டெயின்லெஸ் துண்டுக்குப் பஞ்சமில்லை. 304 ரகம் காந்தத்தில் அநேகமாக ஒட்டாது. ஆனால் ஸ்டெயின்லெஸ் எல்லாமே அப்படியில்லை, 430 நன்றாக ஒட்டும். ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்து வாங்குங்கள்.

ஈயக் குண்டு போடுபவர்கள் அதை ஃபெவிக்காலில் பதிக்க வேண்டாம். அந்த வகை வெள்ளைப் பசையின் அமிலத்தன்மை ஈயத்தை அரித்து வெள்ளைத் தூளாக்கும். தூள் பருத்து, சில வருடத்தில் வேகனின் தரையையே பிளந்துவிடும். அரால்டைட் போடுங்கள். ஈயம் தொட்டால் கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். பாக்ஸ்என் மாதிரி திறந்த வேகனில் நிலக்கரிச் சுமைக்கு அடியில் ஒளிக்கலாம், காலியாக ஓட்ட வேண்டுமென்றால் அடிச்சட்டத்தின் நடுத்தண்டுகளுக்கு இடையே ஈயத் தகடு ஒட்டுவதுதான் வழி. இந்த இடம் இருக்கிறதா என்பதையும் கிட்டை ஒப்பிடும்போது பாருங்கள்.

பசை

எந்த பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால் வார்ப்புச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு சொட்டு மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட் விடுங்கள். உடனே பிசுபிசுத்தால் ஸ்டைரீன் அல்லது ஏ.பி.எஸ்., அதே சிமென்டால் ஒட்டலாம். ஒன்றுமே ஆகாவிட்டால் அசெட்டால் அல்லது ரெசின். போகிச் சட்டம் பெரும்பாலும் அசெட்டால். உடைந்தால் ஒட்டாது, பெயின்ட்டும் எளிதில் பிடிக்காது, புதிதுதான் வாங்க வேண்டும். ரெசினுக்கு ஃபெவிக்விக் வகைப் பசை. அதை பாட்டிலிலிருந்து நேரே விடாமல் ஊசி முனையில் தொட்டு வையுங்கள். போகி மேடை மாதிரி இழுவை தாங்கும் இடத்தில் அரால்டைட் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஃபெவிக்விக் தட்டினால் விட்டுவிடும்.

ரெசின் பாகத்தை ஒட்டுமுன் பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சிலிருந்து கழற்றத் தடவிய எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயின்ட் உரியும். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீர் தொட்டுத் தேய்த்து, முகக்கவசமும் போடுங்கள். மூடிய உடம்புக்குள் சிமென்ட் அதிகம் விட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் நாளாவட்டத்தில் சுவர் உள்வாங்கும். தரையில் 3 மி.மீ. துளை இரண்டு போட்டுவிடுங்கள்.

வெயிலும் மூடுபனியும்

சேலத்தில் ஏப்ரல், மே வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் பார்சலை வைத்தால் பி.எல்.ஏ. (இழை உருக்கும் மெஷினில் போடும் பிளாஸ்டிக்) பிரின்ட் தப்பாது. அது 60 டிகிரியிலேயே இளகும். ரெசின் வார்ப்பும் வளையும். ஸ்டைரீன் ஓரளவு தாங்கும், கண்ணாடிக்கு அடியில் நேர் வெயில் பட்டால் அதுவும் நெளியும். திரவ ரெசின் பிரின்ட்டுக்கு வெயில் வேறு விதத்தில் பகை. படப்பட இறுகிக்கொண்டே போய், மெல்லிய கைப்பிடிகள் தொட்டாலே ஒடியும். வந்த அன்றே பிரைமர் அடித்து, ஜன்னலுக்கு எதிரே வைக்காமல் இருங்கள்.

ஏற்காட்டில் கதை மாறும். மூடுபனி நாளில் ஸ்ப்ரே லேக்கர் அடித்தால் மேலே வெள்ளை பூக்கும், ஈரம் பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்வதால் வருவது. வெயில் வந்த மதியத்தில் அடியுங்கள், அல்லது நீரில் கரையும் அக்ரிலிக்கைத் தூரிகையில் இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் போடுங்கள். ஈரக்காற்றில் ஃபெவிக்விக்கும் சீக்கிரம் இறுகி, சுற்றிலும் வெண்படலம் விடும். ஒட்டும்போது காற்றாடி ஓடட்டும். இரும்பு எடைத் தகட்டை வைக்குமுன் ஒரு கோட் பெயின்ட் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் துரு பிடித்துப் பசை விட்டு உள்ளே கடகடவென்று உருளும்.

விலையை எப்படி ஒப்பிடுவது

பெட்டி விலையை ஒப்பிடாதீர்கள். தண்டவாளத்தில் நிற்கும் வேகனின் விலையை ஒப்பிடுங்கள். கிட், கூரியர், சுங்க வரி, போகி, உலோகச் சக்கரம் நான்கு ஜோடி, கப்ளர் ஒரு ஜோடி, எடை, பெயின்ட், எழுத்து ஸ்டிக்கர் என்று ஒன்பது வரி போட்டு எழுதினால், எல்லாம் அடங்கிய கிட்டைவிட ரெசின் கிட் அநேகமாக எப்போதும் மேலே போய் நிற்கும். அதற்குக் காரணமும் நியாயமானது, அந்த வேகன் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் அது கிடைக்காத வேகனா என்று முதலில் பாருங்கள்.

மதிப்பெண் போடுவதானால் நூற்றில் 40 ஓட்டத்துக்கு, 25 முறுக்கு, வளைவு இல்லாமல் நேராக இருப்பதற்கு, 15 பாகங்கள் பொருந்துவதற்கு, 10 விவரத்துக்கு, 10 பெயின்ட் எழுத்துக்கு. ஷோகேஸுக்கு மட்டும் வாங்குபவர் ஓட்டத்தையும் விவரத்தையும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். மேக்னசைட் ஜங்ஷன் மாதிரி ஒரு நிலையத்தைக் கட்டி ரேக் ஓட்ட நினைப்பவர், ஓட்டத்தில் 30-க்குக் கீழே வாங்கிய கிட்டை மீதி எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கினாலும் இரண்டாவது தடவை வாங்கக் கூடாது.

முதல் கிட் அக்யூரெயில் வகை, இரண்டாவது டிச்சி வகை, மூன்றாவதாக ரெசின் அல்லது இந்திய பிரின்ட் என்று போனால் ஒவ்வொன்றிலும் ஒரு புது வேலைதான் கற்க வேண்டியிருக்கும். நேரே பாக்ஸ்என் பிரின்ட்டில் இறங்குபவர்கள் குறைந்தபட்சம் போகியையும் சக்கரத்தையும் பெயர் பெற்ற தயாரிப்பாளரிடமிருந்து வாங்கட்டும்.

கட்டி முடித்ததும்

போகித் திருகுகளை ஒரே மாதிரி இறுக்காதீர்கள். ஒரு முனையில் முழுதாக இறுக்கி, கால் சுற்று தளர்த்துங்கள். போகி திரும்ப மட்டும் வேண்டும். மறுமுனையில் அரைச் சுற்று தளர்த்தி, பக்கவாட்டிலும் ஆடவிடுங்கள். இரண்டும் இறுகினால் மேடுபள்ளத்தில் ஒரு சக்கரம் தொங்கும், இரண்டும் தளர்ந்தால் வேகன் தள்ளாடும்.

பிறகு வேகனை ரேக்கின் நடுவில் மாட்டி, இன்ஜினால் பின்னோக்கித் தள்ளி, எதிரெதிர் வளைவு இரண்டும் ஒரு பாயின்ட்டும் உள்ள பாதையில் ஓட்டுங்கள். இழுக்கும்போது மறையும் குறை தள்ளும்போது வெளியே வரும். ஒரே இடத்தில் எல்லா வேகனும் இறங்கினால் பாதையில் கோளாறு. ஒரு வேகன் மட்டும் எல்லா இடத்திலும் இறங்கினால் வேகனில் கோளாறு. பாயின்ட்டில் மட்டும் இறங்கினால் 14.5 மி.மீ. அளவை மறுபடி பாருங்கள். வளைவில் மட்டும் இறங்கினால் போகி எங்கோ அடிச்சட்டத்தில் இடிக்கிறது. சக்கர விளிம்பில் மார்க்கர் மை தடவி ஓட்டினால் மை ஒட்டிய இடத்தைத் தேய்த்துவிடலாம். நேர்ப்பாதையில் கப்ளர் தானாகக் கழன்றால் இரண்டு வேகனின் உயரத்தையும் பக்கத்தில் வைத்து அளங்கள். கப்ளருக்குக் கீழே தொங்கும் வளைந்த கம்பி தண்டவாளத் தலையிலிருந்து 0.8 மி.மீ. மேலே நிற்கிறதா என்றும் பாருங்கள். அது தாழ்ந்திருந்தால் பாயின்ட்டில் மாட்டி, வேகனைத் தூக்கிவிடும்.